அழுகை அடங்கிய வார்டு: நோயாளிக் குழந்தையோடு அம்மா இரவில் தங்க வழி பிறந்த கதை

லண்டன் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்கு என்னென்ன நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்று 1949இல் ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழில் வெளிவந்தது. கைஸ் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிற்பகல் 2 முதல் 4 வரை. செயின்ட் பார்த்தலோமியூவில் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். சேரிங் கிராஸில் ஞாயிறு ஒரு மணி நேரம். வெஸ்ட் லண்டன் ஆஸ்பத்திரியில் பார்க்கவே அனுமதி கிடையாது. லண்டன் ஹாஸ்பிடலில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் யாரும் வரக் கூடாது. ஆனால் மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே, குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது, வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்தக் கடைசி விதியை யோசித்துப் பாருங்கள். அம்மா பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளை அம்மாவைப் பார்த்துவிடக் கூடாது.

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை விட்டு ராத்திரியில் ஓர் அடி நகராத ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாகத் தோன்றும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இதுதான் நடைமுறை. அது எப்படி மாறியது, யார் மாற்றினார்கள், எதைப் பார்த்து மாற்றினார்கள் என்பதை விரிவாகப் பார்ப்பது இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விதியை எழுதியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வருவதற்கு முந்தைய காலம் அது. டிப்தீரியா, ஸ்கார்லெட் காய்ச்சல், தட்டம்மை என்று ஒன்று வார்டுக்குள் நுழைந்தால் வரிசையாகப் பிள்ளைகள் சாகும். வெளியாட்கள்தான் கிருமியைக் கொண்டுவருகிறார்கள் என்று டாக்டர்கள் உறுதியாக நம்பினார்கள். தொற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் சேர்த்த குழந்தைக்கு ஓர் எண் கொடுப்பார்கள். பெற்றோர் உள்ளூர்ப் பத்திரிகையை வாங்கி, அந்த எண்ணைத் தேடி, பிள்ளை தேறுகிறதா, மோசமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அம்மா வந்துவிட்டுப் போனால் பிள்ளை கத்திக் கூப்பாடு போடும். வார்டே ரணகளமாகும். வராமல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ‘செட்டில் ஆகிவிட்டது’ என்பார்கள். வந்து பார்ப்பதால்தான் பிள்ளை கலங்குகிறது, பார்க்காமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்ற முடிவுக்கு அனுபவமுள்ள நர்சுகளும் டாக்டர்களும் வந்தது இப்படித்தான். கண்ணால் கண்டதை வைத்துத்தான் அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். பார்த்தது சரி, அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் தவறு.

அர்த்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் முன்பே இல்லாமலில்லை. இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரத்துச் சிறு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற டாக்டர் 1920களின் நடுவிலேயே அம்மாக்களையும் சேர்த்து அனுமதிக்கத் தொடங்கினார். அம்மாவே குளிப்பாட்டுவார், பால் கொடுப்பார், இரவில் அதே அறையில் படுத்துக்கொள்வார். நர்ஸ் சொல்லிக்கொடுப்பார், மேற்பார்வை செய்வார். இதனால் பிள்ளைக்கு நன்மை என்பதோடு ஸ்பென்ஸ் நிறுத்தவில்லை. தன் கையால் பிள்ளையைத் தேற்றி எடுத்தோம் என்ற நம்பிக்கை அம்மாவுக்கு ஆயுள் முழுக்க உதவும். நர்சுகளும் நல்ல அம்மாக்களைப் பார்த்து நிறையக் கற்றுக்கொள்வார்கள். மற்றக் குழந்தைகளைக் கவனிக்க நர்சுக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கும் என்றார்.

நியூசிலாந்தில் ஹென்றி பிக்கரில், செசிலி பிக்கரில் என்ற டாக்டர் தம்பதி உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்துவந்தார்கள். அவர்களுக்குத் தலைவலியே தொற்றுதான்: ஒரு குழந்தையின் கிருமி நர்சின் கை வழியாக இன்னொரு குழந்தைக்குப் போகும், தைத்த இடம் பிரிந்துவிடும். 1940களில் தங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு குழந்தையையும் அதன் அம்மாவிடமே ஒப்படைத்தார்கள். ஒரு பிள்ளையை ஒரே ஆள்தான் தொடுகிறார் என்றால் கிருமி எப்படித் தாவும்? தொற்று அடங்கியது. கிருமிக்குப் பயந்து வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட அம்மாதான் கிருமிக்கு நல்ல தடுப்பு என்பது அங்கே தெரியவந்தது. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிகள் அசையவில்லை. எங்கோ ஓரிடத்தில் ஒரு நல்ல மனிதர் செய்வது அங்கேயே நின்றுவிடும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

பாய்லர் பார்த்தவர் கேமராவை எடுத்தார்

ஜேம்ஸ் ராபர்ட்சன் டாக்டர் அல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தரவில்லை என்று இரண்டாம் உலகப் போருக்குப் போக மறுத்தவர். போர்க்காலத்தில் குழந்தைகள் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். அங்கே பாய்லரைக் கவனிப்பது ராபர்ட்சனின் வேலை. மனைவி ஜாய்ஸும் அங்கேதான் வேலை பார்த்தார். அந்தக் காப்பகத்தில் ஒரு பழக்கம் இருந்தது: என்ன வேலை செய்பவராக இருந்தாலும் குழந்தைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பார்ப்பதை அப்படியே எழுதும் பயிற்சி அவருக்கு அங்கேதான் வந்தது.

1948இல் லண்டனின் டாவிஸ்டாக் மனநலக் கிளினிக்கில் மனநல மருத்துவர் ஜான் போல்பியிடம் சேர்ந்தார். அம்மாவைப் பிரிந்த சிறு பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று கவனித்து எழுத வேண்டும். அதற்காக சென்ட்ரல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பப்பட்டார். வார்டு ஒழுங்காக இருந்தது. நர்சுகள் அன்பானவர்கள்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நர்ஸ் என்று கிடையாது; ஒருவர் வரிசையாகக் காய்ச்சல் பார்ப்பார், ஒருவர் வரிசையாகக் குளிப்பாட்டுவார், இன்னொருவர் ஊட்டுவார். ஒரு நாளில் ஒரே குழந்தை பல கைகளுக்கு மாறும். அழும் பிள்ளைக்குத் தன் ஆள் என்று சொல்லிக்கொள்ள அந்த வார்டில் யாரும் இல்லை.

நாட்கணக்கில் உட்கார்ந்து கவனித்ததில் ஒன்றரை முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஒழுங்கைக் கண்டார். முதலில் எதிர்ப்பு. கம்பியைப் பிடித்து ஆட்டும், அம்மா அம்மா என்று கத்தும், சத்தம் கேட்கும் பக்கமெல்லாம் திரும்பும். அடுத்தது நம்பிக்கை இழப்பு. சத்தம் குறையும், விசும்பல் மட்டும் இருக்கும், விளையாடாது, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது. பெரியவர்கள் ‘அடங்கிவிட்டது’ என்று சொன்னது இந்தக் கட்டத்தைத்தான். மூன்றாவது விலகல். பிள்ளை எல்லாரிடமும் சிரிக்கும், கொடுத்ததைச் சாப்பிடும். அம்மா வந்தால் மட்டும் முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். பார்ப்பவர்களுக்கு இது முழுமையாகத் தேறிய குழந்தை. ராபர்ட்சனுக்கு மூன்றிலும் மோசமானது இதுதான்.

டாக்டர்களிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்றார்கள். சரி, வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணில் காட்டிவிடுவோம் என்று ஒரு சினிமா கேமரா வாங்கினார். அதற்கு முன் கேமராவைத் தொட்டதே இல்லை. அழுகிற பிள்ளையாகத் தேடிப் பிடித்துப் படம் எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவரும் போல்பியும் கவனமாக இருந்தார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தைகளின் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார்கள். தினமும் குறித்த நேரங்களில் மட்டும் படம்பிடித்தார்கள். சுவர்க் கடிகாரமும் சட்டகத்துக்குள் தெரியும், அதுதான் சாட்சி.

அப்படிக் கிடைத்தவள் லாரா. இரண்டு வயது ஐந்து மாதம். தொப்புள் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். 1952இல் முடிந்த அந்தப் படம் ‘இரண்டு வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்’ என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது.

லாரா வழக்கத்துக்கு மாறாக அடக்கமான பிள்ளை. எளிதில் அழ மாட்டாள். வந்து சில நிமிடங்களுக்குள் நர்ஸ் குளிப்பாட்டத் துணியைக் கழற்றியதும் அம்மா வேண்டும் என்று கத்திக்கொண்டு உடம்பில் துணியில்லாமலே கதவை நோக்கி ஓடினாள். அதற்குப் பிறகு தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள். கையில் ஒரு கரடி பொம்மை, வீட்டிலிருந்து வந்த ஒரு துண்டுப் போர்வை. இரண்டையும் விடவில்லை. நடுநடுவே, அழாமல், குரலை உயர்த்தாமல், பக்கத்தில் வந்தவரிடம் என் அம்மா எங்கே என்று கேட்பாள். முகம் இறுகியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் குழந்தை.

பெற்றோர் இடையிடையே வந்து பார்த்தார்கள். அம்மா வரும்போது உடனே தாவிப் போகவில்லை. சிறிது நேரம் எடுத்துத்தான் முகம் இளகியது. நாள் போகப் போக அந்த நேரம் நீண்டது. அம்மா கிளம்பும்போது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாளில் தன் சாமான் அத்தனையையும் சேகரித்தாள், கிழிந்த ஒரு புத்தகத்தைக்கூட விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். வாசலைத் தாண்டி நடக்கும்போது அம்மா நீட்டிய கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து அந்தப் படத்தின் ஒரு பகுதியைத் தற்செயலாக லாராவும் பார்த்துவிட்டாள். அவ்வளவு நேரமும் நீ எங்கே இருந்தாய் அம்மா என்று கேட்டுக் கதறியவள், ஆறுதலுக்கு அம்மாவிடம் போகாமல் அப்பாவிடம் திரும்பினாள். எட்டே நாள். சிக்கலில்லாத ஆபரேஷன். அன்பான நர்சுகள்.

படம் முடிந்த 1952 நவம்பரிலேயே ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் சுமார் 300 மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் முன்னால் படம் திரையிடப்பட்டது. கூட்டம் கொதித்தது. எங்கள் வார்டில் இப்படி நடக்காது, அசாதாரணமான பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், எங்களை அவமானப்படுத்துகிறார்கள் என்றார்கள். கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மட் மக்கார்த்தி, அமர்ஷாம் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர். அவர் தன் வார்டுக்குத் திரும்பியதும் நடந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். அந்தப் படம் காட்டுவது உண்மை, நாம்தான் பார்க்கப் பழகவில்லை என்று அவருடைய வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் பொறுப்பு நர்ஸ், சொன்னார். மக்கார்த்தி வீம்பு பிடிக்கவில்லை. திரும்பவும் தன் வார்டைப் பார்த்தார், ஒத்துக்கொண்டார், அம்மாக்கள் தங்குவதற்குக் கதவைத் திறந்துவிட்டார். 1958இல் ராபர்ட்சன் எடுத்த அடுத்த படம் அமர்ஷாமில்தான். இரண்டு வயது நிறையாத ஒரு பெண்குழந்தை, அவளுக்கும் ஆபரேஷன், ஆனால் அம்மா கூடவே தங்குகிறார். வலி இருக்கிறது, அழுகை இருக்கிறது. அந்த இறுகிய முகம் மட்டும் இல்லை.

தவறு என்று தெரிந்த இடத்தில் ஒரு மருத்துவர் இப்படி நின்று திரும்பிப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆஸ்பத்திரிகளில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். அந்த சிஸ்டர் இல்லாவிட்டால் அவரும் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

நர்சுகள் ஏன் பார்க்கவில்லை?

இதற்குப் பதில் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனின் ஒரு பொது ஆஸ்பத்திரியில் செய்த ஆய்விலிருந்து கிடைக்கிறது. 1960 வாக்கில் வெளியானது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வேலையை ஒரு நர்ஸ் செய்வது என்ற முறை, உண்மையில் நர்சுகளைத் துக்கத்திலிருந்து காப்பாற்றும் ஒரு ஏற்பாடு என்றார் அவர். ஒரு நோயாளியோடு நெருங்கினால் அவர் படும் வேதனையைத் தாங்க வேண்டிவரும். வெப்பமானியோடு மட்டும் போய் வந்தால் அது குறையும். பதினெட்டு இருபது வயதுப் பெண்கள், விடிய விடிய அழும் இருபது பிள்ளைகளுக்கு நடுவே. ‘அடங்கிவிட்டது’ என்ற சொல் அவர்களுக்கும் தேவைப்பட்டது. இதைக் குற்றச்சாட்டாக அல்ல, புரிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரவை ஏன் தனியாகப் பேச வேண்டும்? போல்பி பிற்பாடு எழுதிய நூல்களில் இது தெளிவாக இருக்கிறது. ஒரு சிறு பிள்ளை தன் ஆளை ஒட்டிக்கொள்ளத் துடிப்பது எப்போது? உடம்பு சரியில்லாதபோது, வலிக்கும்போது, களைத்திருக்கும்போது, பசிக்கும்போது. சுற்றுப்புறத்திலிருந்து பயத்தைக் கிளப்புவன என்னென்ன? இருட்டு, தனிமை, பழக்கமில்லாத இடம், திடீர்ச் சத்தம். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். இந்தப் பட்டியலில் எது மிச்சம்? பகலில் பொம்மை உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, ஜன்னல் உண்டு. விளக்கை அணைத்த பிறகு மருந்து இறங்கும் பாட்டிலும் பக்கத்துக் கட்டில் இருமலும்தான். ‘காலையில் வருகிறேன்’ என்பது இரண்டு வயதுக்குப் புரியாது. கண்ணில் இல்லாத அம்மா போய்விட்ட அம்மாதான். பகலில் ஆறு மணி நேரம் பார்க்க விட்டுவிட்டு இரவில் வெளியே அனுப்பும் ஏற்பாடு, பிள்ளைக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஆளைப் பிடுங்கிக்கொள்கிறது.

காகிதத்திலிருந்து கட்டிலுக்கு

பிரிட்டிஷ் அரசு 1956இல் எலும்பு அறுவை மருத்துவர் ஹாரி பிளாட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1959இல் அறிக்கை வந்தது. பார்வை நேரக் கட்டுப்பாடு கூடாது, குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு அம்மா தங்க இடம் தர வேண்டும் என்றது. அரசும் ஏற்றுக்கொண்டது. பிறகு? ஒன்றும் நடக்கவில்லை. பரிந்துரைதானே, கட்டாயம் இல்லையே. பல ஆஸ்பத்திரிகள் சுற்றறிக்கையை ஃபைலில் போட்டு வைத்தன.

1961இல் ராபர்ட்சன் ‘அப்சர்வர்’ என்ற ஞாயிறு இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார், பிபிசி தொலைக்காட்சியிலும் பேசினார். அதைப் பார்த்த அம்மாக்கள், தெற்கு லண்டனின் பாட்டர்சீ பகுதியில் ஜேன் தாமஸ் என்பவரின் முன்முயற்சியில், ஒன்றுகூடினார்கள். டாக்டர்கள் இல்லை, அதிகாரிகள் இல்லை. சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள். தங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்குப் போய், பிளாட் அறிக்கையின் பிரதியைக் காட்டி, இதில் எதை நடைமுறைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சுற்றிலும் குழுக்கள் முளைத்தன. ‘ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தாய்ப் பராமரிப்பு’ என்ற பெயரில் தொடங்கியது தேசிய சங்கமாக வளர்ந்தது. எந்த ஆஸ்பத்திரி உண்மையிலேயே விடுகிறது, எது சுவரொட்டியில் மட்டும் விடுகிறது என்று அவர்கள் சளைக்காமல் கணக்கெடுத்தார்கள். முழுமையாக மாற ஏறக்குறைய ஒரு தலைமுறை பிடித்தது. என் பார்வையில் படமும் அறிக்கையும் பாதி வேலைதான். வாசலில் போய் நின்று கேட்ட பெண்கள் செய்தது மீதிப் பாதி.

தங்குவதால் பலன் உண்டா என்று அளந்தும் பார்த்தார்கள். 1968இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஏட்டில் பிரெயின், மக்லே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு: டான்சில் ஆபரேஷனுக்கு வந்த ஏறத்தாழ 200 சிறு குழந்தைகள், பாதிப் பேரோடு அம்மாவும் சேர்க்கப்பட்டார், பாதிப் பேர் தனியாக. அம்மா தங்கிய பிள்ளைகளிடம் மனக்கலக்கம் குறைவு. ஆபரேஷனுக்குப் பிந்தைய தொற்றும் குறைவு. ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சில நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்படும் என்று யாரும் பயப்பட வேண்டாம். 1946இல் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பின்னாளில் சிக்கல் தென்பட்டது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன் நீண்ட நாள் அல்லது திரும்பத் திரும்பச் சேர்க்கப்பட்டவர்களிடம்தான். ஒரு ராத்திரி பக்கத்தில் இருக்க முடியாமல்போன பெற்றோர் தங்களை வதைத்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

கூட இருந்தால் போதுமா?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2007இல் மூன்று வயது நிறையாத ஒரு சிறுவன், கண்டறியப்படாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றால் ஆஸ்பத்திரியில் இறந்தான். பெற்றோர் பக்கத்திலேயே இருந்தார்கள். பிள்ளைக்கு மோசமாகிக்கொண்டே வருகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தகுந்த நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அவன் பெயரால் 2013இல் அந்த மாநில ஆஸ்பத்திரிகளில் ‘ரயன்ஸ் ரூல்’ வந்தது. முதலில் நர்சிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். திருப்தியில்லையா, பொறுப்பு நர்சிடம் சொல்லுங்கள். அப்போதும் சரியாகவில்லையா, ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள், வேறொரு டாக்டரோ நர்சோ வந்து பார்ப்பார். நள்ளிரவு இரண்டு மணிக்கும் இது பொருந்தும்.

விடிய விடியப் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அந்தப் பிள்ளையின் மூச்சு தெரியும். சாதாரணமாக எப்படி முனகும், இன்று எப்படி முனகுகிறது, பால் புட்டியைத் தள்ளுவதில் வித்தியாசம் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஷிஃப்ட் மாறி வரும் நர்சுக்கு அது தெரிய வழியில்லை. ‘என்னவோ சரியில்லை டாக்டர்’ என்ற வார்த்தையை ஒரு மருத்துவத் தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் குழந்தைகள் வார்டுகளில் அம்மாவை வெளியே நிறுத்துவது வழக்கமில்லை. கட்டிலிலேயே ஒருக்களித்துப் படுத்திருப்பார், இல்லாவிட்டால் கட்டிலுக்குக் கீழே பாய். அப்பா பாஸ் இல்லாமல் வராந்தாவில். இந்த ஏற்பாட்டை யாரும் போராடி வாங்கவில்லை. ஆள் பற்றாக்குறையும் நம் வழக்கமும் சேர்ந்து தந்தது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வந்துவிட்டால் நாமும் 1949 லண்டன்தான். கண்ணாடிக் கதவு, வெளியே நாற்காலி வரிசை, ‘கூப்பிட்டால் மட்டும் வாங்க’. காரணமும் அதே காரணம்: கிருமி.

அந்தக் காரணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் ஐந்து ஆஸ்பத்திரிகள், இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையே எடையுள்ள 3,211 பச்சிளம் குழந்தைகள். வழக்கப்படி நிலைமை சீரான பிறகே குழந்தையை அம்மாவின் மார்பில் வைப்பார்கள். இங்கே பாதிக் குழந்தைகளைப் பிறந்தவுடனேயே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, அம்மாவின் தோலோடு தோலாக வைத்தார்கள். இரவும் பகலுமாக, நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம். அதற்காக அம்மாவின் கட்டிலையே உள்ளே கொண்டுவந்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம், அம்மாவோடு இருந்தவர்களில் 12 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அம்மா உள்ளே வந்தும் கிருமித் தொற்று கூடவில்லை, குறைந்தது. இப்போது அம்மாவையும் குழந்தையையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் பிரிவுகளை இந்தியாவிலும் தொடங்கிவருகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை கிடக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் இந்த யோசனை போய்ச் சேர வேண்டும்.

தங்க விடுவதோடு வேலை முடியாது. இரவு முழுக்கக் கண்விழிக்கும் ஆளுக்குக் கால் நீட்ட ஒரு மடக்குக் கட்டில் வேண்டும், தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை வேண்டும், சாப்பாடு வேண்டும், இரண்டு மணி நேரம் தூங்கி எழ மாற்று ஆளாக அப்பாவுக்கோ பாட்டிக்கோ இன்னொரு பாஸ் வேண்டும். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1988இல் பல ஐரோப்பிய நாட்டுச் சங்கங்கள் கூடி ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பத்து அம்ச சாசனம் ஒன்றை எழுதின. எந்த நேரமும் பெற்றோர் கூட இருப்பது பிள்ளையின் உரிமை என்பது அதில் இரண்டாவது. மூன்றாவது, பெற்றோருக்குத் தங்குமிடம் தர வேண்டும். தங்குவதால் அவர்களுக்குக் கூடுதல் செலவோ வருமான இழப்போ வரக் கூடாது. நம்மிடம் பேசப்படாமல் இருப்பது இந்த மூன்றாவதுதான். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் அம்மா ஐந்து ராத்திரி பிள்ளையோடு இருந்தால் ஐந்து நாள் கூலி போயிற்று, சில வீடுகளில் வேலையே போயிற்று. பிரசவத்துக்கு உதவித்தொகை தரத் தெரிந்த அரசுக்கு, ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு தங்கும் அம்மாவின் கூலியை ஈடுகட்டவும் தெரியும். அதற்கு நாம் கேட்க வேண்டும், பாட்டர்சீ அம்மாக்கள் கேட்டதுபோல, சம்பந்தப்பட்ட வாசலில் போய் நின்று.